எலக்ட்ரீஷியனுக்கு எதற்கு 'சி'?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில ஸ்பெல்லிங் பிழைகளைப் பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிழைகளைச் சரியாகவே பட்டியல் போட்டிருந்தார்கள். வழி என்று சொன்னதுதான் பழைய பாட்டு: தினம் பத்துச் சொல் மனப்பாடம், மறுநாள் டிக்டேஷன், தப்பானால் இம்போசிஷன். இம்போசிஷன் எழுதும் பிள்ளை இரண்டாவது வரியிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டு, மீதி எட்டு வரியையும் அதே தப்போடு அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்காத டீச்சர் உண்டா?

மாலையில் டியூஷன் எடுப்பவள் நான். ஒரு சொல்லைத் தனியாகப் பத்து முறை எழுதவைப்பதைவிட, அதன் சொந்தக்காரச் சொல்லைப் பக்கத்தில் எழுதிக் காட்டுவது கைகொடுக்கிறது. 'எலக்ட்ரீஷியன்' என்று சொன்னால், காதில் விழுந்தபடி எஸ்-எச் போட்டு எழுதுகிறவர்களே அதிகம். பலகையில் முதலில் 'எலக்ட்ரிக்' எழுதுங்கள். அதன் கீழே 'எலக்ட்ரிசிட்டி', அப்புறம் 'எலக்ட்ரீஷியன்'. 'எலக்ட்ரிக்'கின் கடைசி 'சி'யைக் கவனியுங்கள். அங்கே 'க்' என்று ஒலித்தது அடுத்த சொல்லில் 'ஸ்' ஆகிறது, மூன்றாவதில் 'ஷ்' ஆகிறது. எழுத்து மட்டும் அசையவில்லை. இது பிடிபட்ட பிள்ளை மியூசிஷியனையும் மேஜிஷியனையும் கேட்காமலே எழுதிவிடும்.

'ஷன்' என்று முடியும் சொற்கள் தனித் தலைவலி. அங்கும் மூலச்சொல்லைப் பார்க்கச் சொல்லலாம். ஆக்ட், இன்வென்ட் என்றால் டி-ஐ-ஓ-என். டிஸ்கஸ், எக்ஸ்பிரஸ் என்றால் இரட்டை எஸ் அப்படியே நிற்கும். பெர்மிட்–பெர்மிஷன் மாதிரி முரண்டு பிடிப்பவையும் உண்டு, சரி, அவற்றைத் தனியே சொல்லிக்கொடுத்தால் போயிற்று.

உச்சரிப்பையும் விடக்கூடாது. 'டெஃபனிஷ'னில் 'ஏ' நுழைவதற்குக் காரணம், பலரும் அதை 'டெஃபனேஷன்' என்றே சொல்வதுதான். வாயைத் திருத்தினால் கை திருந்திவிடும். 'கிராமர்' கடைசியில் ஈ-ஆர் போடுகிறவனை 'கிரமாட்டிக்கல்' என்று உரக்கச் சொல்லவையுங்கள், அந்த 'ஏ' அவன் காதிலேயே விழும். 'சைன்' சொல்லில் ஊமையாக இருக்கும் 'ஜி' சிக்னலிலும் சிக்னேச்சரிலும் வாய் திறக்கிறது. ஊருக்கு ஊர் ஓட்டல் போர்டுகளில் 'டைனிங் ஹால்' இரண்டு 'என்' போட்டுத் தொங்குகிறதே, அந்த இரண்டு 'என்' உண்மையில் டின்னருக்குச் சேர வேண்டியவை. இந்த மாதிரி ஜோடிகளில் முன்னால் உள்ள உயிர் குறுகினால் மெய் இரட்டிக்கும், 'ஐ' என்று ஒலித்தால் ஒற்றைதான்.

எல்லாச் சொல்லும் இதற்குள் அடங்காது. 'ஐலண்ட்' சொல்லில் உள்ள 'எஸ்' பழைய ஆங்கிலத்தில் இல்லாதது, லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லைப் பார்த்துப் பிற்காலத்தில் ஒட்டவைத்தது. அதையெல்லாம் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல் சின்னது.

உங்கள் மாணவர் பகுதியில் வரும் 'கடினமான சொற்கள்' இப்போது அகரவரிசையில் இருக்கின்றன. அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் போட்டு, அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் காட்ட முடியுமா? அப்படி வந்தால் வெட்டி எடுத்து வகுப்பில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
திண்டுக்கல்