மரக்கூண்டின் மேல் நிற்கும் ஊர்

லிஸ்பன், போர்ச்சுகல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சி சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டாள் என்று என்னிடம் புகார் செய்து பயனில்லை, நான் அவள் கட்சி. இங்கே எல்லோரும் நலம். மகளும் மருமகனும் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போய்விட்டால், சாயங்காலம் வரை எனக்கு ஊர் சுற்றுவதுதான் உத்தியோகம்.

"ஐரோப்பா என்றால் ஒரு கோட்டை, ஒரு சர்ச், ஒரு சதுக்கம், அவ்வளவுதானே" என்று எழுதியிருக்கிறாய். மூன்றும் இங்கே உண்டு. கோட்டையை முதலில் முடித்துவிடுகிறேன். செயின்ட் ஜார்ஜ் கோட்டை, குன்றின் உச்சியில். மயில்கள் உலாவுகின்றன, டேகஸ் ஆறு கடல்போல விரிந்து தெரிகிறது. ஆனால் இப்போது நாம் பார்க்கும் மதிலும் கொத்தளமும் பெரும்பாலும் 1938-40இல் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி திருத்திக் கட்டியவை. காற்று நன்றாக வந்தது. அவ்வளவுதான்.

சிவில் படித்த நம் இருவருக்கும் இந்த ஊர் வைத்திருப்பது குன்றுக்குக் கீழே, கடைத்தெருவில். பைஷா என்று பெயர். சுற்றுலாக்காரர்கள் ஐஸ்கிரீம் வாங்கவும் செருப்பு வாங்கவும் அதன் வழியே போகிறார்கள், யாரும் நின்று பார்ப்பதில்லை. நேர்கோடான தெருக்கள், ஒரே உயரத்தில் கட்டடங்கள், ஒரே அளவு ஜன்னல்கள். முதல் பார்வைக்கு அரசாங்கக் குடியிருப்பு மாதிரிதான் எனக்கும் பட்டது. அப்புறம் கதை தெரிந்ததும், தினமும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அங்கேயே போகிறேன்.

1755 நவம்பர் 1. அனைத்துப் புனிதர் பெருவிழா. காலை ஒன்பதரை மணிக்கு மேல், ஊர் முழுக்கப் பூசையில் இருந்த நேரம், பூமி சில நிமிடங்கள் குலுங்கியது. கல் கூரைகள் ஜனங்கள் தலையில் விழுந்தன. தப்பித்தவர்கள் திறந்த வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே முக்கால் மணி நேரத்துக்குள் கடல் ஆற்று வழியாக ஏறி வந்தது. மீதி இருந்ததைப் பீடத்து மெழுகுவர்த்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பரவிய தீ நாள்கணக்கில் எரித்தது. அரண்மனையும் அதன் நூலகமும் போயின. திறந்து ஏழே மாதமான ஓபரா அரங்கமும் போயிற்று. செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள், பல்லாயிரம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

2004க்குப் பிறகு நான் நாகப்பட்டினத்தில் சுனாமி வீடுகள் வேலையில் இருந்தது உனக்குத் தெரியும். வேளாங்கண்ணியிலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, வெளியூர் ஜனங்கள் நிறைந்திருந்த நேரம்தான். அதனால் அந்த ஆற்றங்கரைச் சதுக்கத்தில் என்னால் மற்றவர்களைப் போலப் படம் எடுத்துக்கொண்டு நகர முடியவில்லை. பெரிய சதுக்கம், மூன்று பக்கம் மஞ்சள் கட்டடங்கள், நாலாவது பக்கம் தண்ணீர். நடுவில் குதிரைமேல் முதலாம் ஜோசே அரசரின் வெண்கலச் சிலை, 1775இல் வைத்தது. இந்த அரசருக்குப் பூகம்பத்துக்குப் பிறகு கல்வீட்டில் படுக்கவே பயம். அஜுடா குன்றில் மரத்தாலும் துணியாலும் அரண்மனை போட்டுக்கொண்டு அதிலேயே இருந்துவிட்டார். ஊரைத் திரும்பக் கட்டியது அவருடைய மந்திரி, பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர்.

மந்திரி கூப்பிட்டது யாரைத் தெரியுமா? தலைமைப் பொறியாளர் மனுவேல் ட மாயா. அப்போது அவருக்கு வயது 78! நாம் அறுபது தாண்டியதும் ஈசிசேர் தேடுகிறோம். பழையபடியே கட்டுவதா, தெருவை மட்டும் அகலமாக்குவதா, எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகப் போடுவதா, ஊரையே மேற்கே பெலேம் பக்கம் மாற்றிவிடுவதா என்று ஒவ்வொன்றுக்கும் சாதக பாதகம் போட்டு அறிக்கை எழுதினார். புதிய பைஷா வரைபடம் எவுஜெனியு தொஸ் சாந்தொஸ், கார்லோஸ் மார்டெல் இருவர் கையில் உருவானது.

இனிதான் நீ கவனமாகப் படிக்க வேண்டியது. வெளியே பார்த்தால் கல்கட்டு. உள்ளே மரக்கூண்டு. பெயரே அதுதான், கயோலா. செங்குத்துச் சட்டம், படுக்கைச் சட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெருக்கல் குறிபோல இரண்டு குறுக்குச் சட்டம். இடைவெளியை உடைகல்லும் சுண்ணாம்பும் போட்டு அடைத்து மேலே பூசிவிடுவார்கள். பூமி ஆடினால் வெளிச்சுவர் உதிர்ந்தாலும் கூண்டு தளத்தைத் தாங்கி நிற்கும், ஆட்கள் வெளியே வர நேரம் கிடைக்கும். மாதிரி ஒன்றைச் சதுக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் படைவீரர்களைக் காலைத் தட்டி நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்கிறார்கள். கட்டட மாதிரியைப் பூகம்பம்போல ஆட்டிப் பார்க்கும் ஷேக் டேபிள் இல்லாத காலத்தில் பட்டாளத்தின் பூட்ஸ். இதைப் படித்தபோது சத்தமாகவே சிரித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதோடு விடவில்லை. வீட்டுக்கு வீடு நடுச்சுவரைக் கூரைக்கு மேலே தூக்கிக் கட்டினார்கள், தீ தாண்டாமல் இருக்க. கதவு, ஜன்னல், ஓடு எல்லாம் ஒரே அளவு, தனியே செய்து கொண்டுவந்து பொருத்தியது. நான் அரசாங்கக் குடியிருப்பு என்று நினைத்த அந்த ஒரே மாதிரித்தனம்தான் அத்தனை சீக்கிரம் ஊரை எழுப்பியிருக்கிறது. தெருக்களைத் தொழில்வாரியாகப் பிரித்து, தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று பெயர் வைத்தார்கள். நாட்டிலுள்ள பங்குச் சாமியார்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார்கள்: குலுக்கல் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் செத்தார்கள் என்று. கடவுளின் கோபம் என்று ஊரே பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கடல் இறங்கியதா என்று கேட்ட அந்த மனநிலைக்காகவே அந்த மந்திரிக்கு ஒரு சல்யூட் வைத்தேன். (கொஞ்சம் பொறு, பெலேமில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.)

அஸ்திவாரத்தைக் கண்ணால் பார்க்கவும் முடிகிறது. கொரேய்ரொஸ் தெருவில் ஒரு வங்கியைப் புதுப்பிக்கத் தோண்டியபோது கிடைத்ததை அப்படியே விட்டு, கண்ணாடி பதித்து, ஆள்போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். இந்த இடம் முழுக்க ஆற்று வண்டல். அதனால் பைன் மரக்கட்டைகளைப் பைலாக மண்ணுக்குள் ஆழமாக அடித்து அதன்மேல் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். நிலத்தடி நீரில் மூழ்கியே இருப்பதால் மரம் உளுத்துப்போகவில்லை. அதற்கும் அடியில் ரோமானியர்கள் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. தூத்துக்குடிக்காரன் நீ அங்கே வந்தால் வாசனையே அடித்திருக்கும்!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், கடைக்காரர்கள் இடம் அகலமாக வேண்டும் என்று கீழ்த்தளச் சுவர்களை எடுத்திருக்கிறார்கள். மேலே மாடியும் கூட்டியிருக்கிறார்கள். எந்தக் குறுக்குச் சட்டம் எங்கே வெட்டுப்பட்டதோ! இங்குள்ள பொறியாளர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் வடக்கே வளர்ந்தபோது, பூகம்ப பயம் போய்விட்டதால் கட்டுமானக்காரர்கள் கூண்டைப் பேருக்கு வைத்து, குறுக்குச் சட்டத்தை விட்டுவிட்டு, சுவரையும் மெலித்துக் கட்டினார்கள். அந்த வகைக் கட்டடத்துக்கு 'கயோலெய்ரு' என்று கேலியாகப் பெயர். மகள் வாடகைக்கு இருப்பது அப்படி ஒன்றில்தான். நான் சுவரைத் தட்டிப் பார்ப்பதை அவள் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

கார்மோ மடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1389இல் தொடங்கிய கோதிக் சர்ச், பூகம்பத்தில் கூரை விழுந்தது. திரும்பக் கட்டப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்கள். வளைவுகள் மட்டும் நிற்க, மேலே வெறும் வானம். உள்ளே ஒரு அருங்காட்சியகம். வெளியே உள்ள சின்னச் சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று, துப்பாக்கி முனையில் சிவப்புக் கார்னேஷன் பூ செருகிய புரட்சிப் படை, காவல்படைத் தலைமையகத்தைச் சூழ்ந்துகொள்ள, சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் கயெத்தானு பணிந்தார். இப்போது அங்கே மரநிழலில் காபி குடிக்கலாம். பக்கத்தில் 45 மீட்டர் உயர இரும்பு லிஃப்ட், சாந்தா ஜுஸ்தா, 1902. நான் ஏறவில்லை, கீழே நின்று ரிவெட்டை ரசித்ததோடு சரி.

அல்ஃபாமா தங்கச்சிக்குப் பிடிக்கும். கோட்டைக் குன்றின் பாறைமேல் இருப்பதால் பூகம்பத்தில் பெரிதாகச் சிதையாத பழைய பகுதி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், தலைக்கு மேல் துணிக்கொடி, ஜன்னலில் பாட்டிகள். அதன் விளிம்பில் 1147க்குப் பிறகு எழுந்த பேராலயம், அதை ஒட்டியே ஒரு சின்னக் கோயில். நம் புளியம்பட்டி அந்தோனியார் பிறந்த இடம் அதுதான் என்று அவளிடம் சொல். பதுவை அந்தோனியார் என்று நாம் சொன்னால் இங்குள்ளவர்கள் விடமாட்டார்கள். பதுவையில் இறந்தாரே தவிர, பிறந்தது லிஸ்பனில், அவர் எங்கள் பிள்ளை என்பார்கள். பூகம்பத்தில் இடிந்த கோயிலைத் திரும்பக் கட்ட, 'அந்தோனியாருக்கு ஒரு காசு' என்று சிறுவர்கள் தெருத்தெருவாகக் கேட்டுச் சேர்த்தார்களாம். படி இறங்கி நிலவறைக்குப் போய் அவள் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன் பேரில் ஏற்றவில்லை, நீ கேட்கவுமில்லை.

28ஆம் எண் டிராமில் ஏறினால் இந்தச் சந்துகளெல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும் என்பார்கள். வரும், ஆனால் நின்றுகொண்டு, பர்ஸைப் பிடித்துக்கொண்டு. தண்டவாள அகலம் 900 மில்லிமீட்டர்தான். வீட்டுச் சுவரை உரசாத குறையாகத் திரும்புகிறது. காலையிலேயே, மக்கள் எழும்புவதற்கு முன் போனால் உட்கார இடம் கிடைக்கும்.

பெலேம் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஜெரோனிமொஸ் மடம் நிஜமாகவே அழகு, பொய் சொல்ல மாட்டேன். கல்லில் கப்பல் கயிறு முறுக்கியிருக்கிறது, மெல்லிய தூண்கள் தென்னைபோல விரிந்து கூரையைத் தாங்குகின்றன. கிழக்கிலிருந்து வந்த மிளகு, வாசனைச் சரக்குக்கு விதித்த வரியில் எழுந்தது. வாசலில் வாஸ்கோ ட காமா கல்லறை. 1524இல் கொச்சியில் செத்து அங்கேயே புதைத்த மனிதர், பிறகு எலும்பை எடுத்துவந்தார்கள். கொச்சி சர்ச்சில் நாம் சேர்ந்து பார்த்த அந்த வெறும் குழிதான். கல்லின் நேர்த்தியை ஒரு கண்ணாலும், கல்லுக்குப் பணம் வந்த வழியை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அங்கிருந்து சற்று நடந்தால் முட்டைக் கஸ்டர்ட் டார்ட் விற்கும் 1837ஆம் வருடத்துக் கடை. வரிசை நீளம், ஆனால் சீக்கிரம் நகரும். அதன் அருகே ஒரு சந்துக்குள் தனியாக ஒரு கல்தூண் நிற்கிறது. அரசரைக் கொல்லப் பார்த்ததாகக் குற்றம் சாட்டி, 1759 ஜனவரியில் தாவோரா என்ற பிரபுக் குடும்பத்தையும் அவெய்ரு பிரபுவையும் கொடூரமாகக் கொன்றார்கள். பிரபுவின் மாளிகையை இடித்து, மண்ணில் உப்பைத் தூவி, இங்கே எக்காலத்திலும் எதுவும் கட்டக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். எல்லாம் அதே பொம்பால் மந்திரி காலத்தில், அவர் முன்னின்று நடத்தியது. சல்யூட்டை இங்கேதான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கல்வெட்டு கிடக்கட்டும், தூணைச் சுற்றி இப்போது வீடும் கடையும் நெருங்கி நிற்கின்றன.

உன் பையன் வீட்டு வேலை லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். தூணும் பீமும் சேருகிற இடத்தில் கம்பி ரிங்கை நெருக்கிக் கட்டச் சொல்லு. கம்பி கட்டுபவர் அங்கேதான் கை கடினம் என்று இரண்டை விட்டுவிடுவார், கான்கிரீட் போட்ட பிறகு யாருக்கும் தெரியாது. நீயே ஏணியில் ஏறாதே, படம் எடுத்து அனுப்பச் சொல்.

வருகிறீர்களா இல்லையா என்பதை இந்த மாதமே முடிவு செய். தங்கச்சிக்கு அந்தோனியார் திருவிழா வேண்டுமென்றால் ஜூன் 12 இரவு. தெருவெல்லாம் மத்தி மீன் சுட்ட புகையும் பாட்டும், உறக்கம் கிடையாது. கூட்டம் வேண்டாமென்றால் அக்டோபர். ஜெரோனிமொஸ் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்து நாள் போடுவோம். நடைபாதை முழுக்க வழவழத்த சுண்ணாம்புக்கல், மழை பெய்தால் வழுக்கும், உன் தோல் செருப்பு இங்கே செல்லாது; ரப்பர் அடி உள்ள ஷூவாக வாங்கு. இருவர் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பு. அழைப்புக் கடிதத்துக்கு என்னென்ன வேண்டும் என்று மகள் விசாரித்து வைத்திருக்கிறாள்.

உன்
பழைய அறைத்தோழன்