கொழுக்குமலை போட்டோ பார்த்தேன்

போடிநாயக்கனூர்
மாசி கடைசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கொல்லை மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது.

எதிர்வீட்டுத் தம்பி போன வாரம் அவன் மொபைலில் ஒரு போட்டோ காட்டினான். கொழுக்குமலையில் புலி வாயைப் பிளந்தது போல ஒரு பாறை நிற்குமே, அதன் பக்கத்தில் நீ. பின்னால் சூரியன் வருகிறது, கீழே முழுக்க மேகம். நல்ல படம். முகம் கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போனீர்களா? அந்தப் பாதையில் இடுப்பே ஒடிந்துவிடும். விடிவதற்கு முன்னால் அங்கே குளிர் தாங்காது, தலைக்கு ஏதாவது கட்டியிருந்தாயா?

எனக்குக் கண்ணில் பட்டது புல்தான். உன் காலடியில் அத்தனையும் மஞ்சளாகக் காய்ந்து கிடக்கிறது. மாசி, பங்குனியில் அந்த மலைச்சரிவை நம்பக் கூடாது பாப்பா. கசக்கினால் எலுமிச்சை மணக்கும் புல்லும் அதில் உண்டு. எண்ணெய் உள்ள புல், ஒரு பொறி போதும். தீ வந்தால் மேல்நோக்கி ஓடாதே. மேட்டில் அது நம்மைவிட வேகமாக ஏறும். கீழே எரிகிற சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும், பகலில் காற்றும் மலை ஏறித்தான் வீசும். வெறும் பாறை இருந்தால் அதில் போய் நில். இல்லையென்றால் எரிந்து கருகி முடிந்த இடத்துக்குள் போய்விடு, அங்கே எரிய இனி ஒன்றும் இருக்காது. பருத்தித் துணி உடுத்திக்கொள். நீ போட்டிருந்த அந்த வழுவழு ஜெர்கின் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

உனக்கு இதெல்லாம் தெரியும். 2006-இல் குறிஞ்சி பூத்தபோது பத்து வயதில் அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து மலை மேலே டாப் ஸ்டேஷன் வரை நடந்தே ஏறியவள் நீ. வழியில் யாரோ விசிலடிக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன், நீதான் அது சீகாரப் பூங்குருவி என்று சொன்னாய். அந்தக் காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி ரோப்பில் இறங்கின கதையை நான் ஒரு தடவைதான் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டாய். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். கொழுக்குமலையிலிருந்து நம் ஊர் எவ்வளவு தூரம் என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போடிமெட்டுக்கு வந்தால் 17 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் முந்தல், அப்புறம் வீடு. சரி, கூட வந்தவர்களுக்கு அவசரம் இருந்திருக்கும், நான் கேட்கவில்லை. தீபாவளி அன்று நடந்ததைப் பற்றியும் இதில் எழுத மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பருத்தித் துணியை மட்டும் மறக்காதே.

2018 மார்ச் 11, குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கிய அன்று ராத்திரி நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணினாய், ஞாபகம் இருக்கிறதா? ஆம்புலன்ஸ்கள் நம் தெரு முனை வழியாக ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. குரங்கணிக்காரர்கள் இருட்டில் மேலே ஏறி, போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். கடைசியில் 23 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் உன் வயதுப் பிள்ளைகள். நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்: "நாம போன இடமாப்பா?" நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

குறிஞ்சி பார்த்ததற்கு அடுத்த மாசி அது. டாப் ஸ்டேஷன் ஏறுகிற வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு மலையூர் இருக்குமே, அதற்குக் கீழே, புல்மேட்டில். மூன்று கல் வைத்து டீ போட்டது நான்தான். வேண்டாம்பா, காற்று அடிக்குது என்று நீ சொன்னாய். பதினோரு வயதுப் பிள்ளை எனக்குச் சொல்வதா என்று நினைத்தேன். அது ஒரே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டது. நான் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தேன், வேட்டியை அவிழ்த்து அடித்தேன், நீயும் செருப்பால் அடித்தாய். அரைக் குறுக்கப் புல் எரிந்து, மேலே பாறையில் முட்டித்தான் நின்றது. நான் அணைக்கவில்லை, பாறை அணைத்தது. பாறை இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 2018-க்குப் பிறகு யோசிக்காத நாள் குறைவு.

உன் கணுக்காலில் கொப்புளம். இறங்கி வரும்போது, அம்மாவிடம் சொல்லாதே என்றேன். டீ கொட்டிவிட்டது என்று நீ சொன்னாய். எத்தனை வருஷம் ஆனாலும் மாற்றிச் சொல்லவே இல்லை. நீ சாமர்த்தியசாலி என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது பாப்பா. இப்போது நீ எதையும் எங்களிடம் சொல்வதில்லை என்று அம்மா அழும்போது, அதை உனக்குப் பழக்கிக் கொடுத்தவன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறான்.

வனத்துறை 2024-இல் 40 மலைப்பாதைகளைத் திறந்தது, இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு கூட்டிப்போகிறார்கள். குரங்கணியும் அதில் இருக்கிறது. தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், அது நல்லது. மழை விழுந்து புல் பச்சையான பிறகு வா. நான் எவ்வளவு தூரம் நடப்பேன் என்று தெரியவில்லை, நடக்கிற வரை நடப்பேன். குறிஞ்சிக்கு 2030 வரை காத்திருக்க வேண்டும், அதுவரை என்னைக் காக்க வைக்காதே. அடுப்புப் பற்றவைக்க மாட்டேன், பிளாஸ்கில் டீ கொண்டுவருகிறேன்.

அந்தப் படத்தில் கீழே மேகமாக இருந்ததே, அது விலகிய பிறகும் நின்று பார்த்தாயா? அன்றைக்குக் காலையில் எங்களுக்கும் இங்கிருந்து மலை தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். அவள் படித்துவிட்டுத் தபாலில் போடட்டும்.

அன்புடன்,
அப்பா