பழனிக்குப் போயிருந்த அப்பா

அக்டோபர் 2025

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். பதினோரு நாளாச்சு, அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதி, தேங்காயோடு உன் மாமன் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். கிணத்துமேட்டு மரத்துக் காய். வேளைக்குச் சாப்பிடு.

மூணாவது தறிக்குப் புதுப் பாவு நூல் பிணைத்தாச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வேறென்ன எழுத? அமெரிக்காக்காரன் நம்ம நாட்டுச் சரக்குக்கு ஆகஸ்ட் 27-லிருந்து 50 சதவீத வரி என்றதும், இங்கே சோமனூர் டீக்கடையில்கூட நீ தையல் கம்பெனி நடத்துகிற திருப்பூர்ப் பேச்சுத்தான். எந்தக் கம்பெனியில் ஷிப்ட் குறைந்தது, யார் மிஷினுக்கு உறை போட்டு மூடினார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை காரமடைக்கு வந்தபோது பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாய். எடுப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, அவள் அம்மாவின், அதாவது உன் அம்மிச்சியின் வளையலைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான்தான் பேச்சை மாற்றினேன்.

தீபாவளி 20-ஆம் தேதி. டெய்லர்களுக்குப் போனஸ் கொடுத்துவிடு. கூடமாட உதவுகிற கைமடிப் பிள்ளைகளுக்கும் கொடு. அதை மட்டும் தள்ளிப் போடாதே.

ஒரே கம்பெனியை நம்பிப் பதினெட்டு மிஷினையும் ஓட்டாதே என்று மூணு வருஷமாகச் சொன்னேன். கேட்டாயா? உள்ளூர் ஆர்டரில் பீஸுக்கு அம்பது பைசா குறைகிறது என்றாய். தைத்துக் கொடுத்த பாக்கியாவது வந்ததா? சிறு தொழில்காரனுக்கு 45 நாளைக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வட்டியோடு தரவேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டதென்று எனக்குச் சொன்னவளே நீதான். கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பாய். அந்தப் பயம் எனக்கும் தெரியும். மார்ச்சில் தறியை நிறுத்திக் கூலி உயர்வு கேட்டபோது ஒரு மாசம் தூக்கமில்லை. ஆனால் நாங்கள் ஊரோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். நீ தனியாக அல்லவா உட்கார்ந்திருக்கிறாய்.

உன்னைப் பற்றி எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. எட்டுத் தறியும் ஓடுகிற சத்தத்தில் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாய். ஒன்று நின்றால் தலையைத் தூக்காமலே "அஞ்சாவதுப்பா, தார் நூல் தீந்துருச்சு" என்பாய். போய்ப் பார்த்தால் அஞ்சாவதுதான். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் இரண்டு பழைய ஓவர்லாக் தையல் மிஷினில் தொடங்கிப் பதினெட்டு ஆக்கினாய். நாங்கள் வளர்த்த வளர்ப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வளர்ப்பில்தான் இப்போது என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

2012-இல் பகலும் இரவுமாகக் கரண்ட் போனது ஞாபகமிருக்கும். நீ ஒன்பதாவது. தறி ஓடவில்லை, வட்டி ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் வட்டிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் குடோனுக்குள் பாவு நூல் சுற்றிய பீமுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, உனக்குக் கையைக் காட்டினேன். நீ யூனிபார்மோடு போய் நின்று, "அப்பா பழனிக்குப் போயிருக்காருங்க, திங்கக்கிழமதான் வருவாருங்க" என்றாய். குரலில் ஒரு பிசிறு இல்லை. அவர் போனதும் நான் வெளியே வந்து "கெட்டிக்காரி" என்று பத்து ரூபாய் நீட்டினேன். நீ வாங்கவில்லை. தறி மேல் வைத்தேன். ராத்திரி வரைக்கும் அங்கேயே கிடந்தது.

அதைப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொன்னேன். நீ அப்போது தலையைக் குனிந்துகொண்டாய். வெட்கம் என்று நினைத்தேன்.

போன மாசம் போனில் "எல்லாம் நல்லாப் போகுதுப்பா" என்றாய் பார், அதே குரல் கண்ணு. பிசிறே இல்லை. கஷ்டம் வந்தால் ஒளிந்துகொள்ளணும், கேட்டு வருகிறவர்களை நல்ல குரலில் திருப்பி அனுப்பணும் என்று பதினாலு வயசுப் பிள்ளைக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு நான் வாசலுக்கு வந்து "இந்த மாசம் முடியலைங்க" என்று சொல்லியிருக்கணும். அவர் கத்தியிருப்பார், அவ்வளவுதான். நீ அதைப் பார்த்திருப்பாய்.

வளையல் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். அம்மாவின் சீட்டைக் கார்த்திகையில் எடுக்கலாம். இரண்டு தறியைக் கொடுத்தாலும் ஆறு ஓடும், எனக்கு அது போதும். மாப்பிள்ளைக்குத் தெரியாவிட்டால் முதலில் அவரிடம் சொல். நோட்டில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வை. வேளைக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை சம்பளம் போடுகிற நாள், எனக்குத் தெரியும். அன்றைக்கே மங்கலம் வழி பஸ்ஸில் வருகிறேன். வாட்ச்மேனிடம், அக்கா வெளியே போயிருக்காங்க என்று மட்டும் சொல்லச் சொல்லாதே சாமி.

அப்பா