கூலி வீடு வந்து சேரும் முன்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். அடுத்த மாதம் வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்கும்.

உன் மகனைப் பற்றி நீ எழுதியிருந்த இரண்டு பக்கங்களை மீண்டும் மீண்டும் படித்தேன். பெங்களூரில் நல்ல வேலை, அந்த வயதில் நாம் நினைத்தும் பார்த்திராத சம்பளம். ஆனாலும் இருபதாம் தேதிக்குள் கை வறண்டுவிடுகிறது, பைக்குக்கு ஒரு தவணை, கைப்பேசிக்கு ஒரு தவணை, போதாததற்குக் கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறான் என்று எழுதியிருந்தாய். அவன் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படியாக யாரைக் காட்டுவது, நல்ல புத்தகம் ஏதாவது உண்டா என்றும் கேட்டிருந்தாய்.

புத்தகம் வேண்டாம் என்பேன். பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேரை அவன் தன் கைப்பேசியிலேயே தினமும் பார்க்கிறான், கூட்டு வட்டியின் கணக்கு நம்மைவிட அவனுக்கு நன்றாகவே தெரியும். நான் அறிந்தவரையில், பணத்தை ஒழுங்காகக் கையாளத் தெரிந்தவர்கள் யாரும் அறிவுரை கேட்டு அதைக் கற்கவில்லை. அப்படிக் கையாளும் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து, பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். அத்தகைய மனிதர்களுக்கு மன உறுதி அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் எண்ணம் வேறு. அவர்கள் தங்கள் மன உறுதியை நம்பவே இல்லை. ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் தங்கள் கணக்கை இன்னொருவர் கண்ணில் படும்படி வைத்தார்கள். மற்றதை அந்த நாளும் அந்தக் கண்ணும் பார்த்துக்கொண்டன.

முதலில் உன் அம்மாவையே சொல்கிறேன். மகனாக இருந்ததால் நீ சாப்பாட்டை நினைவில் வைத்திருப்பாய். வந்து போகும் பையனாக இருந்த நான் கணக்கைக் கவனித்திருக்கிறேன். வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த அந்தக் காலத்தில், குடியாத்தம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தகட்டு அளவுக்குக் கத்தரித்த இலையில் தூளை வைத்து அவர் பீடி சுற்றும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நாம் வீட்டுப்பாடம் எழுதினோம். சனிக்கிழமை மாலையில் வாரக் கூலி. சில வாரங்களில் நானும் கூடவே போயிருக்கிறேன். பீடிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, கழித்துப் போட்டவை போக மீதிக்குக் கூலி வாங்கியதும் அவர் நேரே வீட்டுக்கு வரமாட்டார். முதலில் சீட்டு பிடிக்கும் அக்கா வீடு, அடுத்துப் பால்காரர், அதன் பிறகே அரிசிக் கடை. ஏன் வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். வீட்டுக்குள் வந்த பணத்துக்கு வழி சொல்ல நாலு பேர் இருப்பார்கள், வழியிலேயே போன பணத்தை யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். சம்பளம் வந்த அன்றே சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு மீதியைச் செலவு செய் என்று இன்றைக்கு நிதி ஆலோசகர்கள் மேடை போட்டுச் சொல்வதை, அவர் கூலிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட அந்தத் தெருவிலேயே செய்து முடித்தார்.

அந்தச் சீட்டிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐம்பது, மொத்தம் ஆயிரம் ரூபாய். மாதாமாதம் நடக்கும் ஏலத்தில், அவசரத்தில் இருப்பவர் இருநூறு ரூபாய் தள்ளி எண்ணூறுக்கு எடுப்பார். தள்ளிய இருநூறில் சீட்டு பிடிக்கிறவரின் கமிஷன் ஐம்பது போக நூற்றைம்பது இருபது பேருக்கும் கழிவாகப் பிரியும், ஆளுக்கு ஏழரை ரூபாய். அம்மா கடைசி இரண்டு மூன்று ஏலம் வரும்வரை வாயே திறக்கமாட்டார், அதனால் மற்றவர்களின் அவசரத்திலிருந்து பிரியும் கழிவு ஒவ்வொரு மாதமும் அவர் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்தது. நடுவிலேயே தள்ளி எடுத்தது எனக்குத் தெரிந்து ஒரே தடவைதான். அது உன் பாலிடெக்னிக் கட்டணத்துக்கு. ஏலம் கேட்ட அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீ ஊரில் இல்லை. உன் மகனுக்கு அவன் பாட்டியின் இந்தக் கணக்கை நீ சொல்லியிருக்கிறாயா?

அடுத்தவர் பஜாரில் உள்ள பாய். நாம் நோட்டும் மையும் வாங்கிய அதே மளிகைக் கடைதான். இப்போது மகன் கல்லாவில் உட்கார்ந்தாலும் கணக்கு பெரியவர் கையில்தான் இருக்கிறது. சொந்தக் கடையாக இருந்தும் மாதம் முதல் தேதி ஒரு குறிப்பிட்ட தொகையைச் சம்பளம் போல எடுத்துக்கொள்வார், அதற்கு மேல் கல்லாவில் கை வைக்க மாட்டார். பேரன் கடைக்கு வந்து பிஸ்கட் பாக்கெட் எடுத்தால்கூட வீட்டுப் பற்று நோட்டில் அது ஏறும், மாதக் கடைசியில் அவர் சம்பளத்திலிருந்து கல்லாவுக்குப் போகும். கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒன்றாகக் கலந்ததால் மூடிய கடைகளை அந்த ஒரு பஜாரிலேயே உனக்கும் எனக்கும் தெரியும்.

அவரிடம் நான் இன்னும் பெரிதாக மதிப்பது ரம்ஜான் மாதத்துக் கணக்கு. ஜகாத் கொடுப்பதற்கு முன்பு, கடையில் உள்ள சரக்கின் மதிப்பு, கையிலும் வங்கியிலும் உள்ள ரொக்கம், நகை, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் எழுதி, கொடுக்கவேண்டிய கடனைக் கழித்து, ஒரு வரம்புக்கு மேல் ஓராண்டு நிலைத்து நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கைப் பிரிக்கிறார். கொடுக்கிற இரண்டரை சதவீதம் ஏழைகளுக்குப் போகிறது. அந்தக் கணக்கோ அவருடைய கையில் நிற்கிறது. தன்னிடம் உண்மையில் எவ்வளவு இருக்கிறது, சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒளிவுமறைவின்றிப் பார்க்கும் கட்டாயம் அவருக்கு இருக்கிறது. இறைவன் பார்க்கும் கணக்கில் கூட்டியோ குறைத்தோ எழுத அவருக்கு மனம் வராது. உன்னிடமும் என்னிடமும் நம் மொத்தச் சொத்தும் மொத்தக் கடனும் எவ்வளவு என்று திடீரென்று யாராவது கேட்டால், நாம் பீரோவைத் திறந்து காகிதம் தேடவேண்டும். அவர் உட்கார்ந்த இடத்திலேயே சொல்வார்.

எங்கள் தெருவுக்கு வரும் ஆர்.டி. ஏஜென்ட் அம்மாவைப் பற்றியும் எழுதவேண்டும். வீடு வீடாகப் போய் அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் பணம் வாங்கும் மகளிர் முகவர் திட்டம் 1972 முதல் நடக்கிறது. வசூலில் நான்கு சதவீதம் கமிஷனை அரசே கொடுக்கிறது. மாதம் நூறு ரூபாய் இருந்தால் கணக்குத் தொடங்கலாம். இப்போதைய 6.7 சதவீத வட்டியில் மாதம் ஆயிரம் கட்டினால் ஐந்து ஆண்டுகளில் கட்டிய அறுபதாயிரம் 71,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகி வரும். தொகை பெரிதன்று, ஆனால் இந்தத் தெருவில் இரண்டு கல்லூரிப் படிப்பும் ஒரு வீட்டின் மேல்தளமும் அந்தத் தொகையிலிருந்துதான் வந்தன. அவர் பத்தாம் தேதிக்கு முன்பு வருவார். பணம் இல்லையென்றால் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பதினைந்துக்குள் கட்டாவிட்டால் நூற்றுக்கு ஒரு ரூபாய் தாமதக் கட்டணம் என்பதை மட்டும் நினைவுபடுத்திவிட்டுப் போவார். அவர் திரும்பி வருவார் என்பதே போதும். அட்டையில் கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல் அஞ்சலகத்தில் பதிவான பாஸ்புக்கையும் கொண்டுவந்து காட்டி, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று நிற்பார். பார்க்காமல் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்.

அந்தக் கடைசிப் பழக்கத்தை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால், பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும் என்று நான் சொல்வதாக நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன்பு நம் பகுதியில் லட்சம் ரூபாய்க்கு மாதம் எட்டாயிரம் வரை தருவதாகச் சொன்ன நிறுவனத்தார் வசூலித்துவிட்டு ஓடியபோது, பணத்தை இழந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் நம்பித்தான் போட்டிருந்தார்கள். அங்கேயும் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கணக்கு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கணக்கைக் காட்டாதவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் அவரிடம் பணம் கொடுக்கக் கூடாது. சீட்டாக இருந்தால் அது 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேட்கவேண்டும். அம்மா கட்டிய சீட்டில் இருபது பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஏலம் கேட்டார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

தினத் தவணைக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரரும் தவறாமல் தினம் வருகிறார், அவரும் நோட்டில் எழுதுகிறார் என்று நீ கேட்கலாம். ஒன்பதாயிரம் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாளில் பத்தாயிரம் வாங்குகிறார். கேட்பதற்குப் பத்து சதவீதம் போலத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே கடன் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டுக் கணக்கில் வட்டி எண்பது சதவீதத்தை ஒட்டி வரும். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் தினம் நூறு ரூபாய் தவறாமல் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவருக்கு ஒழுக்கம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அதே நூறை நூறு நாள் தன் கணக்கில் போட்டிருந்தால் அடுத்த முறை அவருக்குத் தண்டலே வேண்டியிருக்காது. அந்த முதல் நூறு நாளைக் கடக்கத் துணையாக யாரும் அவர் பக்கத்தில் இல்லை.

அந்தத் துணையைத்தான் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கொடுத்தன. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் அரசுத் திட்டமாகக் குழுக்கள் தொடங்கின. 1992இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சந்தாவை எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் வங்கிக்கு எடுத்துப் போவார்கள். மதுரைப் பக்கம் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தை வளர்த்த சின்னப்பிள்ளை அம்மாளைச் செய்தித்தாள்களில் நீயும் பார்த்திருப்பாய். பள்ளிக்கூடம் போகாத விவசாயக் கூலிப் பெண். 1999ஆம் ஆண்டுக்கான ஸ்த்ரீ சக்தி விருதை வழங்கியபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. கந்து வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்த பெண்களை, அவரவர் சிறுதொகையை ஒன்றாகச் சேர்த்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ள வைத்தவர் அவர். பெரிய பணக்காரர்களின் வாழ்க்கையைப் படிப்பதைவிட இப்படிப்பட்டவர்களைப் படிப்பது உன் மகனுக்கு உதவும். பணக்காரரின் தொடக்கம் அவனுக்கு எட்டாது. இருபது ரூபாயில் தொடங்கியவரின் வழியை அவன் நாளைக்கே பின்பற்றலாம்.

இனி அவன் செய்யவேண்டியது. முதலில் கார்டு நிலுவை. அதன் வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால்கூட ஆண்டுக்கு நாற்பதைத் தாண்டும். அதை வைத்துக்கொண்டு ஏழு சதவீதம்கூட வராத ஆர்.டி. போடுவதில் பொருளில்லை. கையில் நகையோ வைப்புத் தொகையோ இருந்தால் அதன் மேல் குறைந்த வட்டிக்கு வாங்கியாவது கார்டை அடைத்துவிட்டு, அந்தத் தவணையைக் கட்டட்டும். அது முடிந்த மாதத்திலிருந்து, சம்பளம் ஏறும் தேதிக்கு மறுநாளே வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிரியும்படி செய்துகொள்ளட்டும். அந்த நாளை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். கண்ணுக்கு மட்டும் ஆள் வேண்டும்: மாதம் ஒருமுறை தன் கணக்கை அவன் அம்மாவிடம் காட்டச் சொல். உன்னிடம் வேண்டாம், நீ கோபப்படுவாய். ஏஜென்ட் அம்மாவைப் போலத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக உனக்கு வராது, உன் மனைவிக்கு வரும்.

பொங்கலுக்கு அவன் வரும்போது இரண்டு நாள் இங்கே அனுப்பு. பாய் கடையில் ஒரு காலைப் பொழுது உட்காரவைக்கிறேன், பற்று நோட்டைப் பெரியவரே காட்டுவார், கேட்டுவிட்டேன். கடந்த ஆறு மாதக் கார்டு அறிக்கைகளையும் தவணைக் கடிதங்களையும் அவன் கையோடு கொண்டுவரட்டும், எதை முதலில் அடைப்பது என்று சேர்ந்து பார்ப்போம். எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் செல்வமகள் கணக்குக்கான படிவத்தோடு வருகிறேன் என்று ஏஜென்ட் அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்; பேறு முடிந்ததும் உனக்கு எழுதுகிறேன். அதற்குள், உன் அம்மாவின் சீட்டு நோட்டு ஏதாவது பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று தேடிப்பார்த்து எனக்குப் பதில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்