வைஃபையை நிறுத்தினால் யூடியூப் எங்கே போகும்?

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையம் எப்படி இயங்குகிறது என்று இந்தப் பருவத்தில் சொல்லித்தரத் தொடங்கியிருக்கிறோம். எட்டு வயதில் இது தேவையா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். தேவை என்றே நினைக்கிறேன். காரணம் சொல்லாமல் "தொடாதே, பார்க்காதே" என்று மட்டும் கண்டித்தால், நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் பிள்ளை தொட்டுப் பார்க்கத்தான் செய்யும்.

"வைஃபைய ஆஃப் பண்ணிட்டா யூடியூப் எங்க மிஸ் போகும்?" முதல் நாளே வந்த கேள்வி இது. வீடியோ எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கிறது என்றார்கள் சிலர். இல்லை, மேலே சாட்டிலைட்டில் இருக்கிறது என்றார்கள் மற்றவர்கள். உண்மையில் அது ஏதோ ஓர் ஊரில், இரவு பகலாக ஓடும் கணினிகளில் இருக்கிறது. நம் போன் கேட்கிறது, அந்தக் கணினி அனுப்புகிறது. கடல் கடந்து வருபவற்றில் மிகப் பெரும்பகுதி, கடலடியில் கிடக்கும் கேபிளுக்குள் மெல்லிய கண்ணாடி இழை வழியே ஒளியாக வருகிறது. நம் சென்னைக் கடற்கரையிலேயே அப்படிப்பட்ட கேபிள்கள் சில கரையேறுகின்றன. அந்தமான் தீவுகள் வெகுகாலம் சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் அங்கே நெட் வேகம் பிடித்தது. வரைபடத்தில் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

அடுத்து ஒரு விளையாட்டு. ஒரு மாணவன் வரைந்த யானைப் படத்தைப் பன்னிரண்டு துண்டாக வெட்டினோம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எண், சேரவேண்டியவர் பெயர். துண்டுகள் வெவ்வேறு வரிசை வழியாகக் கைமாறிக் கடைசி பெஞ்சுக்குப் போயின. ஏழு முதலில் வந்தது, இரண்டு கடைசியில். ஒன்பதை ஆசிரியை வேண்டுமென்றே ஒளித்துவைத்தார். "ஒம்பது வரல, திரும்ப அனுப்பு!" என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். இணையத்திலும் படம், பாட்டு, பாடம் எல்லாமே இப்படித்தான் துண்டு துண்டாகப் பயணம் செய்து, போய்ச் சேரும் இடத்தில் ஒன்று சேர்கின்றன.

அப்போது ஒரு சிறுமி எழுந்து, "திரும்ப அனுப்பணும்னா நம்மகிட்ட இன்னொண்ணு இருக்கணுமே மிஸ்" என்றாள். ஆசிரியை முன்பே எடுத்துவைத்திருந்த ஜெராக்ஸை வெளியே எடுத்தார். நாங்கள் சொல்லித்தர நினைத்ததில் முக்கியமானதே இதுதான். இணையத்தில் அனுப்புவது என்றால் பிரதி எடுப்பது. ஒரு போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பார்க்கிற ஒவ்வொருவர் போனிலும் ஒரு பிரதி. அனுப்பிய பிறகு அழித்தாலும், யாராவது சேமித்துவைத்திருந்தால் அது அவரிடம் இருக்கும். பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரிந்தது.

வீட்டிலும் பேசுங்கள். வீடியோ நடுவில் சுற்றிக்கொண்டு நின்றால், "எந்தத் துண்டு இன்னும் வரலை?" என்று கேளுங்கள். பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதற்கு முன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பள்ளியும் அப்படியே நடக்கும். ஆண்டுவிழாப் படங்களை வகுப்புக் குழுவில் பகிர்வதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். விருப்பமில்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் டைரியில் எழுதி அனுப்புங்கள். காரணம் கேட்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்