கயிற்றில் இறங்கும் கருவிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பயிற்சி முகாம்கள் வழக்கம்போல் நடந்தேறின. இவ்வாண்டின் தனிப்பணி, மூத்த உறுப்பினர் ஒருவர் கோவையிலுள்ள நம் சங்கத்துக்கு அளித்த இறங்கு கருவிகளை, அதாவது கயிற்றோடு உராய்ந்து இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துபவற்றை, ஒப்பிட்டு வகைப்படுத்தியதே.

தயாரித்த நிறுவனத்தின்படி அடுக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. அலமாரிக்கு அது அழகு. பாறை விளிம்பில் நிற்பவருக்குப் பயனில்லை. ஆகவே உராய்வு எப்படி உண்டாகிறது, இறங்கும்போதே அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியுமா, கையை விட்டால் தானாக நிற்குமா என்பவற்றையே அளவுகோலாகக் கொண்டோம்.

எட்டு வடிவக் கருவி எளியது, இரட்டைக் கயிற்றையும் ஏற்கும். ஆனால் கயிற்றை முறுக்கிவிடும். வழக்கமான முறையில் கயிற்றைக் கோக்கக் கராபினர் என்னும் இடுப்புவார்க் கொக்கி வளையத்திலிருந்து கழற்ற வேண்டியிருப்பதால், கை தவறினால் கருவி பள்ளத்துக்குப் போய்விடும். வந்தவற்றுள் ஓர் அலுமினிய எட்டில், மண்ணேறிய கயிறு ஓடி ஓடி உள்வளைவு தேய்ந்து, ஓரம் நகத்தில் தட்டுமளவு கூராகியிருக்கிறது. அதற்குச் சிவப்பு வண்ணம் பூசி, வகுப்பில் காட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

1966இல் ஜான் கோல் உருவாக்கிய ரேக் என்பதற்கே நான் முதலிடம் தருவேன். எஃகுச் சட்டத்தில் வரிசையாக அமைந்த குறுக்குத் தண்டுகளின் மேலும் கீழுமாகக் கயிறு நெளிந்து செல்கிறது. நெடும் இறக்கத்தின் தொடக்கத்தில், கீழே தொங்கும் கயிற்றின் எடையே பெருந்தடையாக இருப்பதால் சில தண்டுகள் போதும். இறங்க இறங்க அவ்வெடை குறையும்போது, கயிற்றில் தொங்கியபடியே தண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம். இவ்வசதி எட்டில் இல்லை. ரேக்கின் எடையும் நீளமும் சிறு பாறைகளுக்கு மிகை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரு உருளைகளுக்கிடையே ஒற்றைக் கயிறு வளைந்தோடும் பாபின் வகையில், பெட்ஸல் நிறுவனத்தின் ஸ்டாப் போன்றவை கைப்பிடியை விட்டால் நிற்கும். ஆனால் பழைய ஸ்டாப்பில், பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பவருக்குப் பிடி திறந்து வேகம் கூடும். பதறுபவர் விடுவதில்லை, இறுக்குகிறார். ஆகவே அதன் அட்டையில் ‘தானியங்கி’ என்று எழுத நான் இசையவில்லை.

நம் ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அப்படிக் கடைந்தெடுத்த சிலவும் இத்தொகுப்பில் உள்ளன. மெருகு குறைவில்லை, தாங்கும் விசையைக் காட்டும் கிலோநியூட்டன் முத்திரைதான் இல்லை. சோதித்துச் சான்று பெறும்வரை அவற்றை எவ்வகையிலும் சேர்க்காமல் தனிப்பெட்டியில் பூட்டியிருக்கிறோம். சாவி உபகரணப் பொறுப்பாளரிடம் உள்ளது.