‘ஒருமுறை பார்த்தால் போதும்’ என்பது சரிதானா?

அன்புள்ள இதழாசிரியருக்கு,

மாணவர் கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதும் விடைகளை ‘ஆசிரியர் ஒருமுறை பார்த்தால் போதும்’ என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. பார்ப்பது வேறு, திருத்துவது வேறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் வருத்தம் கூடுகிறது.

பத்தாம் வகுப்பு ஒளியியல் கணக்கு ஒன்று. குவிலென்சின் குவியத் தொலைவு 15 செ.மீ., பொருள் இருப்பது 20 செ.மீ. தொலைவில். பொருளின் தொலைவைக் குறியீட்டு மரபுப்படி மைனஸ் 20 என்று போட்டால் பிம்பம் 60 செ.மீ.யில் விழும். மைனஸை விட்டால் 8.57 செ.மீ. என்று வரும். சூத்திரமும் கூட்டலும் சரியாகவே இருக்கும், தமிழும் தங்குதடையின்றி ஓடும். இந்த இடத்தில் வைத்த பொருளுக்குப் பிம்பம் குவியத் தொலைவின் இருமடங்கான 30 செ.மீ.க்கு அப்பால்தான் விழ முடியும் என்று நினைத்துப் பார்ப்பவர்தான் பிழையைப் பிடிப்பார். விடையை முதலில் படித்தால் கண் அதன் வழியிலேயே போய்விடும். கேள்வியை மட்டும் பார்த்துத் தாளில் போட்டு முடித்த பிறகே விடையைத் திறக்க வேண்டும். தவறான விடையைச் சத்தமில்லாமல் அழிப்பதும் கூடாது. எந்த வரியில் பிசகியது என்று குறித்து, அதற்குள் நோட்டில் எழுதிக்கொண்ட பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

ஊர் விவரத்திலும் இப்படிப் பிசகலாம். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் இருக்கும் நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மேற்குக் கரையின் ஜூன், ஜூலைக் கணக்கு விடையில் வந்து விழுந்தால் பாம்பன் பிள்ளை சிரித்துவிடும். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் கடந்துபோய்விடுவார்.

நேரம் எங்கே இருக்கிறது ஐயா? ஒரு கேள்விக்கு 5 நிமிடம் என்றாலும் 30 கேள்விக்கு இரண்டரை மணி நேரம். மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, விலையில்லாப் பொருள் வழங்கல், வாக்காளர் பட்டியல் எல்லாம் எங்கள் தலையில். கடலோரப் பள்ளிக்கு வருகிறவர் அடுத்த கலந்தாய்விலேயே மாறுதல் வாங்கிப் போகிறார், அவர் வகுப்பும் இருப்பவருக்கே. இதையெல்லாம் முன்பும் எழுதினோம், நீங்கள் வெளியிடவில்லை.

இப்போது கேட்பது சிறியதுதான். உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஒவ்வொரு விடையின் கீழும் சரிபார்த்த ஆசிரியரின் பெயரையும் பாடநூல் பக்க எண்ணையும் அச்சிடுங்கள். பெயர் போட ஆள் இல்லையென்றால் அந்த விடையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் பட்டதாரி ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.